எண்பதில் நின்ற காரும் நூறில் நிற்காத காரும்: வேக வரம்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

மோட்டார் வாகன ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விபத்தில் சிக்கிய வண்டியைப் போய்ப் பார்த்து, பிரேக்கிலோ ஸ்டீயரிங்கிலோ டயரிலோ முன்பே கோளாறு இருந்ததா என்று அறிக்கை எழுதுவது எங்கள் வேலைகளுள் ஒன்று. 'இயந்திரக் கோளாறினால் இவ்விபத்து நிகழவில்லை' என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வேக வரம்பை மீறுவது குறித்து வந்த கேள்விகளுள் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் வரும் தூரக் கணக்குகள் காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், அழுத்தமான பிரேக், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துப் போட்டவை. நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

கேள்வி (கோயம்புத்தூர், கார் வைத்திருப்பவர்): ஐயா, 20 ஆண்டுகளாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறேன். நான்கு வழிச்சாலையில் 120-இல் போவது என் வழக்கம். புதிய கார், ஏபிஎஸ் உண்டு, ஆறு ஏர்பேக் உண்டு. எனக்கு என்ன ஆபத்து?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் 33 மீட்டர் போய்விடுகிறது; பிறகு பிரேக் பிடித்து நிற்க 35 மீட்டர்; ஆக 68 அல்லது 69 மீட்டரில் நின்றுவிடும். 100-இல் போகும் கார் நிற்க 97 மீட்டர் வேண்டும். 120-இல் போகும் உங்கள் காருக்கு 129 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது, ஆனால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகிவிட்டது. வண்டியிலுள்ள இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதே இதற்குக் காரணம்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. 80-இல் வந்த கார் முன்னால் நிற்கும் லாரியைத் தொடாமல் மயிரிழையில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், அதே நொடியில் லாரியைப் பார்த்து, அதே அழுத்தத்தில் பிரேக் பிடித்தவர் 100-இல் வந்திருந்தால், அந்த லாரியின் மீது எவ்வளவு வேகத்தில் மோதியிருப்பார்? 20 கிலோமீட்டர் என்று சொல்பவர்களே அதிகம். சரியான விடை 70-க்குச் சற்று மேல். ஒருவர் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போகிறார். இன்னொருவரின் காரை நாங்கள் போய் அளக்கிறோம்.

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப உதவும். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானத்தை அது கூட்டித் தராது. ஏர்பேக்கும் சீட் பெல்ட்டும் ஓரளவு ஆற்றலைத்தான் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, காரின் பக்கவாட்டில் இன்னொரு கார் 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே உள்ளிருப்பவர் இறக்கும் வாய்ப்பு 85 விழுக்காடு.

உங்கள் 20 ஆண்டு அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் தவறு செய்யாத ஓட்டுநர் என்றே வைத்துக்கொள்வோம். மீடியன் இடைவெளியில் கரும்பு டிராக்டரைத் திருப்புகிறவர், பெட்ரோல் பங்குக்குப் போக எதிர்த்திசையிலேயே ஓரமாக வரும் மொபெட்காரர், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவரும் மாடு ஆகிய எல்லோரும் உங்கள் சாலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தவறைத் திருத்திக்கொள்ள உங்களிடம் இருந்த அறுபது மீட்டரை நீங்கள் வேகத்துக்குச் செலவு செய்துவிட்டீர்கள்.

கேள்வி (சென்னை, மடிப்பாக்கம்): ஊருக்குள் 50 போக வேண்டிய இடத்தில் 60 போனேன் என்று அபராதம் விதித்தார்கள். வெறும் 10 கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு இது அநியாயம் இல்லையா?

நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டர் கூடுவதைவிட ஊருக்குள் கூடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் ஊருக்குள் முன்னால் இருப்பது இரும்பு அல்ல, ஆள். நிறுத்தி வைத்த ஷேர் ஆட்டோவின் மறைவிலிருந்து ஒரு பள்ளிச் சிறுமி 35 மீட்டர் முன்னால் சாலையில் இறங்குகிறாள். 50-இல் வந்தவர் 34.6 மீட்டரில் நிற்கிறார். அந்தப் பிள்ளையின் பாவாடை பானெட்டில் உரசியிருக்கலாம், அவ்வளவுதான். 60-இல் வந்தவர் அதே இடத்தை அடையும்போது கார் இன்னும் 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. காரின் முன்பக்கம் மோதும் வேகம் 50-இலிருந்து 65-ஆகக் கூடும்போது நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைபாஸில் ஒரு மணி நேரம் 100-இல் ஓட்டிவிட்டு ஊருக்குள் இறங்குகிறவருக்கு 60 என்பது ஊர்ந்து போவதுபோலத் தெரியும். கண் ஏமாற்றுகிறது. அந்த நேரத்தில் உள்ளுணர்வை நம்பாமல் ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): வேகமாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்பது உண்மைதானே?

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் 100-இலேயே வந்தால் 3 மணி 18 நிமிடம், 120-இலேயே வந்தால் 2 மணி 45 நிமிடம். அந்த 33 நிமிடமும் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள்ளும் பரனூர் சுங்கச்சாவடியிலும் அதில் பாதி போய்விடும்; மீதி, காப்பி குடிக்கும் இடத்தில். ஊருக்குள் 10 கிலோமீட்டர் பயணத்தை 40-க்குப் பதில் 50-இல் ஓட்டி மிச்சம் பிடிப்பது மூன்று நிமிடம், அதுவும் சிக்னலே இல்லாவிட்டால்.

கேள்வி (வேலூர்): உண்மையில் வரம்புதான் எவ்வளவு? 80 என்கிறார்கள், 100 என்கிறார்கள், 120 என்றும் ஒருவர் சொன்னார்.

குழப்பம் உங்களுடையது மட்டுமல்ல. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை, கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நடுவே தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் 100, நகராட்சிச் சாலைகளில் 70 என உச்ச வரம்பை உயர்த்தியது. சரக்கு வாகனங்களுக்கு நான்கு வழிச்சாலையில் 80, இருசக்கர வாகனங்களுக்கும் அங்கே 80. உங்களிடம் 120 என்று சொன்னவர் விரைவுச்சாலைக்கு உரியதைச் சாதாரண நான்கு வழிச்சாலைக்குப் பொருத்திவிட்டார். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையையே ரத்துசெய்து, வேகத்தைக் குறைத்துப் புதிய அறிவிக்கை வெளியிடச் சொன்னது.

ஓட்டுநருக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, குறிப்பிட்ட சாலைக்கு அதைவிடக் குறைவான வரம்பை வைத்துப் பலகை நடும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. ஆகவே பலகையில் இருக்கும் எண்தான் உங்களுக்கு வரம்பு. சென்னை மாநகரில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 என்று வைத்தார்கள். மீறினால் 183-ஆவது பிரிவின்படி இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம். மறுமுறை பிடிபட்டால் ஓட்டுநர் உரிமத்தையும் பறிமுதல் செய்யலாம்.

கேள்வி (நாமக்கல், லாரி உரிமையாளர்): தொப்பூர் கணவாயில் இறங்கும்போது 30-க்கு மேல் போகக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காலி ரோட்டில் லோடு வண்டியை அப்படி உருட்டினால் பிழைப்பு நடக்குமா? நியூட்ரலில் விட்டால் டீசலாவது மிஞ்சும்.

அண்ணே, இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் தர்மபுரி, சேலம் பக்கம் வேலை பார்த்த எந்த ஆய்வாளரும் அந்த இறக்கத்தை மறக்க மாட்டார்.

லோடுடன் 25 டன் எடையுள்ள லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதை ஒருமுறை நிறுத்தினால், அதன் ஆற்றல் முழுவதும் சக்கரத்தின் பிரேக் டிரம்மிலும் அதை உரசிப் பிடிக்கும் லைனரிலும் வெப்பமாக மாறுகிறது. அதே லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் அதைப்போல ஏழு மடங்கு. காற்றும் டயரும் தின்றதுபோக மீதியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்: ஒன்று எஞ்சின், இல்லாவிட்டால் பிரேக். கியரை நியூட்ரலுக்குத் தள்ளியவுடன் எஞ்சின் விலகிக்கொள்கிறது, சுமை முழுவதும் லைனர் மேல் விழுகிறது. டிரம் சூடேறி விரிகிறது. லைனர் வெந்து பிடிப்பை இழக்கிறது. மறுபடி மறுபடி மிதிப்பதால் பிரேக்கை இயக்கும் காற்றுத் தொட்டியில் அழுத்தம் இறங்குகிறது. ஐடிலில் ஓடும் எஞ்சினால் அதை அதே வேகத்தில் நிரப்ப முடிவதில்லை. பெடலை மிதித்தால் கால் போகிறது, வண்டி நிற்பதில்லை. அந்த நிலையில் மறுபடி கியர் போடப் பார்த்தால் அந்த வேகத்தில் கியர் விழாது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஓட்டுநர் சொல்வது பொய்யல்ல. ஆனால் மலை உச்சியில் நன்றாக இருந்த பிரேக் அது. மறுநாள் ஆறிய பிறகு நாங்கள் சோதிக்கும்போது பெரும்பாலும் பிடித்துவிடும். நீலம் பாரித்த டிரம்மும் கருகிய லைனர் வாடையும்தான் நடந்ததைச் சொல்லும்.

டீசல் மிச்சம் என்ற கணக்கும் இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. மின்னணுக் கட்டுப்பாட்டுள்ள எஞ்சின், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது டீசல் செலுத்துவதையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலில் ஓடுவதற்காக டீசல் எரிகிறது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றும் சரி. தாழ்ந்த கியரில் இறங்கினால் 30-ஐத் தாண்ட வண்டியே விடாது.

கேள்வி (மதுரை, ஒரு தாய்): என் மகனுக்கு வயது 17. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் 80, 90 என்று பறக்கிறானாம். ஹெல்மெட் போட்டுக்கொள்கிறான் என்பதுதான் ஆறுதல்.

அம்மா, சாவியை இன்றே எடுத்து வையுங்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும்; பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது என்பது 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 40-இல் மோதினால் இரண்டாவது மாடி. தலைக்கவசம் தலையை மட்டுமே காக்கும். நெஞ்சும் இடுப்பும் திறந்தே கிடக்கின்றன. நாடு முழுவதும் 2022-இல் சாலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மகனிடம் எண்களைச் சொல்லாதீர்கள், அந்த வயதில் எண்கள் ஏறாது. மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் கீழே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): இரவில் சாலை காலியாக இருப்பதால் வேகமாகப் போவது பாதுகாப்பானது என்கிறார் என் மைத்துனர்.

காலியாகத் 'தெரிகிறது' என்பதே சரி. டிம் விளக்கில் சாலை தெளிவாகத் தெரிவது 40 முதல் 50 மீட்டர் வரைதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கவே 45 மீட்டர் வேண்டும் என்றால், எதிரே வண்டி வருகிறதென்று டிம் செய்துகொண்டு 100-இல் போகிறவர் தன் கண்ணுக்கு எட்டாத தூரத்தை நம்பி ஓட்டுகிறார்.

அந்த இருட்டில் பெரும்பாலும் காத்திருப்பது, பின்விளக்கும் ஒளிர்பட்டையும் இல்லாமல் ஓரத்தில் நிறுத்திய லாரி. லாரியின் பின்பகுதி காரின் பானெட்டைவிட உயரம். பின்புறத் தடுப்புக் கம்பி வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் பானெட் அடியில் நுழைந்துவிடும். நசுங்கி ஆற்றலை உள்வாங்க வேண்டிய முன்பகுதிக்கு வேலையே இல்லாமல் போய், லாரியின் தளம் நேராகக் கண்ணாடிக்கு வந்துவிடும். ஒருமுறை அப்படியொரு காரை விடியற்காலையில் பார்த்தேன். எஞ்சினுக்குப் பெரிய சேதமில்லை. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை. கூரை மட்டும் பின் இருக்கை வரை சுருண்டிருந்தது. சாலையில் டயர் தேய்ந்த தடம் நாலு மீட்டர்கூட இல்லை. அவர் லாரியைப் பார்த்தது அவ்வளவு அருகில் வந்த பிறகுதான். விளக்கில்லாமல் நிறுத்திய லாரிக்காரர் மீதும் குற்றம் உண்டு, அதில் எனக்கு ஐயமில்லை. காரில் வந்தவருக்கு அது பயன்படவில்லை.

கேள்வி (நாகர்கோவில்): மழையில் எவ்வளவு வேகம் சரி?

32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர், தண்ணீர் தேங்கிய சாலையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது நீரின் மேல் மிதக்கத் தொடங்கலாம். தேய்ந்த டயரானால் அதைவிட வெகுவாகக் குறைந்த வேகத்திலேயே அது நேரும். அப்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். திருப்பவும் வேண்டாம், பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் வேண்டாம், ஆக்சிலரேட்டரை மட்டும் விடுங்கள். மழையில் பலகையிலுள்ள வரம்பே அதிகம்.

கேள்வி (ஓசூர், மென்பொருள் துறை): ஜெர்மனியில் வரம்பே இல்லை. அங்கே எல்லோரும் செத்தா போகிறார்கள்?

ஆட்டோபான் முழுவதும் வரம்பில்லை என்பது தவறு. பல பகுதிகளில் வரம்பு உண்டு. இல்லாத இடங்களிலும் 1978 முதல் 130 என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம். அதைத் தாண்டிப் போய் விபத்தில் சிக்கினால் உங்கள் மீது தவறில்லாவிட்டாலும் இழப்பில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க நேரிடலாம். அங்கே நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் இடமில்லை, 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாத வண்டிக்கு அனுமதி இல்லை, குறுக்குச் சாலை இல்லை, வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடும் அந்த நாட்டில் வலப்புறமாக முந்துவது குற்றம். கிருஷ்ணகிரி சாலையில் இவற்றுள் ஒன்றாவது உண்டா என்று வார இறுதியில் ஊருக்குப் போகும்போது பாருங்கள்.

கேள்வி (ஈரோடு, தனியார் பேருந்து ஓட்டுநர்): வேகமாக ஓட்ட எனக்கு மட்டும் ஆசையா சார்? டைமிங் தவறினால் பின்னால் வரும் வண்டிக்காரன் சண்டைக்கு வருவான், முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். அபராதம் மட்டும் எனக்கு.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சட்டமும் அதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. 183-ஆவது பிரிவு வேகமாக ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. தன் கீழ் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அதே பிரிவில், பலர் படிக்காமல் விடும் ஓர் உட்பிரிவு இருக்கிறது: வேக வரம்பை மீறாமல் முடிக்கவே இயலாத நேரத்தில் பயணத்தை முடிக்கும்படி கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவிட்டாலோ, அதுவே அவ்வாறு செய்தவருக்கு எதிரான முகாந்திரச் சான்றாகும், அதாவது மறுத்து நிரூபிக்கப்படாதவரை போதுமான சான்று. நேரக் காப்பாளர் சீட்டையும் முதலாளி அனுப்பும் தகவல்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போக்குவரத்து வாகனங்களுக்கு 80, பள்ளி வாகனம், டேங்கர், டிப்பர் ஆகியவற்றுக்கு 60 என்று பூட்டி வைப்பது கட்டாயம். தகுதிச் சான்று வாங்க வரும் அன்று மட்டும் ஒயரை மாட்டி, வாசலைத் தாண்டியதும் கழற்றுவது எங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

கேள்வி (புதுச்சேரி): விபத்துகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் அதிவேகமே காரணம் என்ற அரசுப் புள்ளிவிவரத்தை நம்பலாமா?

பாதி நம்பலாம். 2022-இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 இறப்புகள், இறப்புகளில் 71.2 விழுக்காடு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதே ஆண்டில் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு முதலிடம். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற சொற்கள் கிட்டத்தட்ட அச்சடித்த வாசகம். வேகத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். தவறான வளைவு, விளக்கில்லாத மீடியன், பலகை இல்லாத வேகத்தடை எல்லாம் அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். அதற்காக வேகத்தை விடுவித்துவிட முடியாது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்பது பல நாடுகளில் அளந்து கண்டது. விபத்துக்கு முதற்காரணம் எதுவாக இருந்தாலும், அடிபட்டவர் பிழைப்பாரா என்பதில் வேகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): வேகமாக ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்காதா?

அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்கு, ஓட்டியவர் வேகமாக வந்தார் என்ற காரணத்தைச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. ஓட்டியவரின் குடும்பத்துக்குத்தான் சிக்கல். தன் அதிவேகத்தாலேயே கார் கவிழ்ந்து இறந்த ஒருவரின் குடும்பம் கேட்ட இழப்பீட்டை மறுத்த தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு; உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): 80-ஐத் தாண்டினாலே கார் 'டிங் டிங்' என்று கத்துகிறது. அதைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

வேண்டாம். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலிக்க வேண்டும் என்பது விதி. அது தொந்தரவாக இருக்கும்படியே வைத்திருக்கிறார்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் அமைக்கப்படுகிறது என்பதால், ஒலி கேட்கும்போது நீங்கள் 76, 77-இல்கூட இருக்கலாம். அந்தச் சலுகையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தால் இடது வழித்தடத்துக்கு வந்து அவருக்கு வழி விடுங்கள். அடுத்த சுங்கச்சாவடியில் அவர் உங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் நின்றுகொண்டிருப்பார்.